மூன்றாவது நிரல்

சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் அணுவின் வரலாறு ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிடும். முதல் நிரலில் ஆண்டு, இரண்டாவது நிரலில் ஒரு வெள்ளைக்காரர். 1803, டால்டன்: அணு ஒரு குண்டு. 1897, தொம்சன்: குண்டுக்குள் இலத்திரன். 1911, ரதர்போர்ட்: நடுவில் கரு. 1913, போர்: கருவைச் சுற்றி ஓடுபாதை. நுரைச்சோலைப் பிள்ளை இதைப் பாடமாக்கி, பரீட்சை மண்டபத்தில் ஒப்புவித்துவிட்டு, நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்தபடி கரண்ட் போன வீட்டுக்குத் திரும்பும்.

அட்டவணையில் மூன்றாவது நிரல் ஒன்று சேர்க்க வேண்டும் என்பது கல்வி அமைச்சுக்கு என் விண்ணப்பம். தலைப்பு: ‘அதே காலத்தில் புத்தளக் கரையில்’. பாடத்திட்டக் குழுவுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆகையால் நானே நிரப்பித் தருகிறேன். சன்மானம் வேண்டாம், மின்கட்டணத்தில் கழித்துக்கொண்டால் போதும்.

பழங்காலத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கிரேக்கத்தில் தெமோகிரித்தஸ் அணு என்றார். உரோமக் கப்பல்காரன் ஒருவன் காற்றில் அடிபட்டுக் கரையேறியதாகப் பிளினி எழுதிய ஹிப்புரோஸ் துறை எங்கள் குதிரைமலைதான் என்று வரலாற்றாசிரியர் பலர் சொல்வார்கள். மணிமேகலையில் ஆசீவகர் நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணு பேசுகிறார். இதைச் சொன்ன உடனே ‘அணுவை முதலில் கண்டவன் தமிழன்’ என்று மேளத்தோடு ஒரு கூட்டம் கிளம்பும். கிளம்பட்டும். அதற்காக நுரைச்சோலைச் சாம்பல் எங்களுக்கு மட்டும் தள்ளுபடியில் விழப்போவதில்லை.

உப்புக்கு வருவோம். 1807இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி காஸ்டிக் சோடாவுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சோடியத்தைப் பிரித்தெடுத்தார். மூன்று வருடம் கழித்து, குளோரின் ஒரு தனிமம் என்றும் அவரே நிறுவினார். உப்பு எதனால் ஆனது என்று இங்கிலாந்துக்கு விளங்கிவிட்டது. அது யாருடையது என்பது அதற்கு முன்பே விளங்கியிருந்தது: 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கற்பிட்டிக் கோட்டை பிரிட்டிஷார் கைக்குப் போயிருந்தது. புத்தளத்து அளங்களில் விளைந்தது அரசின் உப்பு. கடல் ஏறி வெயில் காய்ந்து தானாகப் பூத்த உப்பைத் தன் கையால் பொறுக்கினாலும் குடியானவன் குற்றவாளி. டேவி சோடியம் கண்ட அதே 1807இல்தான் கற்பிட்டியில் சைமன் காசிச்செட்டி பிறந்தார். பின்னாளில் 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் தொகுத்துக் கெசெட்டியர் எழுதினார், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு எழுதினார். ஊர்க்கணக்கும் புலவர் கணக்கும் எழுத எங்களில் ஆள் இருந்தது. உப்புக்கணக்கை வெள்ளைக்காரனே வைத்துக்கொண்டான்.

அடுத்த பதிவைக் கொஞ்சம் நின்று எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பாடப்புத்தகம் முற்றாக விழுங்கிவிட்டது.

1903இல் இலங்கையின் கனிப்பொருள் அளவாய்வுக்கு முதல் பணிப்பாளராக ஒருவர் வந்தார். ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். சப்ரகமுவ மலைப்பக்கத்தில் கறுப்புக் கனசதுரங்களாகக் கிடந்த, அசாதாரணப் பாரமுள்ள ஒரு கனிமத்தை 1904இல் அவர் லண்டனுக்கு அனுப்பினார். அது தோரியமும் யுரேனியமும் நிறைந்த புதுக் கனிமம் என்று தெரிந்தது. தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். லண்டனில் வில்லியம் ரம்சே அதை வாங்கிக் குவித்தார்.

அதே ஆண்டு ஓட்டோ ஹான் என்ற 25 வயது ஜெர்மன் இளைஞர் ரம்சேயிடம் வந்தார். விஞ்ஞானப் புரட்சி செய்யும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. இரசாயனக் கம்பனி வேலைக்கு ஆங்கிலம் தேவை என்றார்கள், படிக்க வந்தார். சும்மா இருப்பானேன் என்று இலங்கைக் கனிமத்திலிருந்து எடுத்த உப்பை ரம்சே அவர் கையில் கொடுத்து, இதிலுள்ள ரேடியத்தைப் பிரி என்றார். பிரிக்கும்போது ஹானுக்கு எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது: ரேடியோதோரியம். 1905இல் அறிவித்தார். கம்பனி வேலை போயிற்று, கதிரியக்கம் தொழிலாயிற்று. 33 வருடம் கழித்து, 1938 டிசம்பரில் பெர்லினில், ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கிப் பேரியத்தைக் கண்டவர் அந்த ஹான்தான். அணுக்கரு பிளந்துவிட்டது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள், யூதர் என்பதால் நாட்டைவிட்டு ஓட நேர்ந்த லீசா மைட்னரும் அவர் சகோதரியின் மகன் பிரிஷும். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும். 1945 ஆகஸ்ட் 6 மாலை, இங்கிலாந்தில் பார்ம் ஹால் என்ற வீட்டில் காவலில் இருந்த ஹானுக்கு ஹிரோஷிமா செய்தி சொல்லப்பட்டது. மனிதர் நொறுங்கிப்போனார். மதுவைக் கொடுத்துத் தேற்றினார்கள். ஹிரோஷிமாவில் எஞ்சியவர்களுக்கு யார் எதைக் கொடுத்துத் தேற்றினார்களாம்?

குமாரசுவாமி கல்லை விட்டுக் கலைக்குப் போய், சிவநடனம் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றார். இன்று ஜெனீவாவில் துகள்களை மோதவிடும் சேர்ன் ஆய்வுகூட வளாகத்தில் இந்தியா கொடுத்த நடராசர் நிற்கிறார். 2004இல் வைத்தார்கள். பக்கத்துப் பலகையில் குமாரசுவாமியின் வாசகமும் உண்டு, நடனத்தைப் பற்றியது. அவர் அனுப்பிய கறுப்புக் கல்லைப் பற்றிப் பலகையும் பேசாது, எங்கள் பாடப்புத்தகமும் பேசாது. கலைக்கு எங்களிடம் ஆள் எடுப்பார்கள். விஞ்ஞானத்துக்கு மண்ணை மட்டும் எடுப்பார்கள்.

இனி யானை. அமெரிக்காவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதற்கென்று தெரியாமலே அணுகுண்டுக்கு உழைத்துக்கொண்டிருந்த 1944இல், பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் ஒன்று புத்தளத்தில் இயங்கியது. பெயர் எச்.எம்.எஸ். ராஜாளிய. மழை பெய்தால் ஓடுதளத்தைச் சுற்றிச் சேறு. அப்போது உலகின் அதிவேகச் சண்டை விமானங்களில் ஒன்றான கோர்செயார் சேற்றில் புதைந்தால், கட்டி இழுக்க யானை வந்தது. படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அணு யுகத்துக்குள் புத்தளம் அடியெடுத்து வைத்த காட்சி அதுதான். இத்தனைக்கும் அந்த யுத்தத்தில் பிழையில்லாமல் வேலை செய்த இயந்திரம் யானை ஒன்றுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1953 ஆகஸ்ட் 12. இந்தத் திகதியை மாணவர்கள் சிவப்பு மையால் கோடிடலாம். அன்று கசகஸ்தான் புல்வெளியில் சோவியத் ஒன்றியம் தன் முதலாவது வெப்ப அணுக்கருக் குண்டை வெடித்தது. அதே அன்று இந்தத் தீவு ஹர்த்தாலில் வெடித்தது. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாகியிருந்தது. உலகின் இரு வல்லரசுகள் நகரங்களை ஆவியாக்கும் வழியைக் கண்டுவிட்ட நாளில், இலங்கை அமைச்சரவை சொந்தச் சனத்துக்குப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது என்பதை அடிக்குறிப்பில் சேர்க்கவும். துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் அரிசி கேட்டவர்கள்.

மறுவருடம் 1954. மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டு வெடித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்ததாம். தடைசெய்த எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் வெள்ளைச் சாம்பல் விழுந்தது. 23 பேர். பவளப்பாறை எரிந்த சாம்பல்; தலையில் விழுந்தது, கண்ணில் விழுந்தது, வெறுங்கையால் தட்டிவிட்டார்கள். தோல் கருகி, முடி கொட்டி ஊர் திரும்பினார்கள். அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ரோஸ் பத்திரிகையாளரிடம் விளக்கம் சொன்னார்: அந்தப் புண்கள் கதிர்வீச்சால் வந்தவையாக இருக்காது, சுண்ணாம்பான பவளத்தின் இரசாயன அரிப்பாக இருக்கும். அதே ஸ்ட்ரோஸ் அந்தச் செப்டம்பர் 16ஆம் திகதி எழுந்து நின்று, நம் பிள்ளைகள் காலத்தில் மின்சாரம் மீற்றர் வைத்து அளக்கத் தேவையில்லாத மலிவாகிவிடும் என்று வாக்குக் கொடுத்தார். ஏழு நாள் கழித்து, 23ஆம் திகதி, அந்தப் படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா ஆஸ்பத்திரியில் இறந்தார்.

ஸ்ட்ரோஸை நான் மறக்கமாட்டேன். ஆள் செத்துப்போனாலும் குரல் ஓய்வு பெறவில்லை. புத்தளம் கச்சேரிக்கு வந்து போகிற ஒவ்வொரு நிபுணர் தொண்டையிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

1987 ஜூலையில் ராஜீவ் காந்தி கொழும்பில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்; இந்தத் தீவுக்குச் சமாதானம் வரும் என்றார்கள். 1988 நவம்பரில் டெல்லியில் கொர்பச்சோவோடு இன்னொன்றில் கையெழுத்திட்டார். தமிழ்நாட்டுக் கூடங்குளத்தில் அணு உலை எழும், மின்சாரம் வரும் என்றார்கள். முதலாவதால் வந்தது இந்திய அமைதிப்படை. இரண்டாவதால் மின்சாரம் வரக் கால் நூற்றாண்டு பிடித்தது, 2013இல்தான் வந்தது. இரண்டு ஒப்பந்தத்துக்கும் பொதுவான ஒன்று: கையெழுத்துப் போடுமுன் கரையில் இருந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

1990க்கு வந்தால் அணுவின் நிரல் வெறுமையாகக் கிடக்கிறது. எங்கள் நிரலில் இடம் போதவில்லை. அந்த ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பகுதி வந்து குந்தியது இந்தக் கரையில், கற்பிட்டியிலும் பாலாவியிலும் புத்தளத்திலும், தென்னோலைக் கொட்டில்களில். ஒரு சனத்தைப் பிளக்க நியூத்திரன் தேவைப்படவில்லை, ஒலிபெருக்கி போதுமாயிருந்தது. விரட்டியது தமிழ் பேசிய துப்பாக்கி, விரட்டப்பட்டதும் தமிழ் பேசிய சனம் என்பதை இந்த நிரலில் தமிழில்தான் எழுத வேண்டும்.

இப்போது 2011. மார்ச் 11இல் புகுஷிமா. கடல் ஏறியது, உலைகள் உருகின, கூரைகள் வெடித்துப் பறந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. பதினொரு நாள் கழித்து, மார்ச் 22இல், நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதல் அலகை மகிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். சீனக் கடன், சீனக் கம்பனி, 300 மெகாவாற். இந்த நிலையத்தைத் திருகோணமலையில் வைக்கப் பார்த்தார்கள், தெற்கே மாவெல்லவில் வைக்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்தது. இங்கேயும் எதிர்ப்பு வந்தது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் பக்கமாகப் புகைபோக்கி எழுவதைக் கத்தோலிக்கர் எதிர்த்தார்கள், நிலமும் கரையும் போவதை முஸ்லிம், சிங்கள விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். மதம் மூன்றும் ஒரே பதாகையைப் பிடித்த அபூர்வமான சந்தர்ப்பம். தேசிய ஒற்றுமை என்று தினமும் ஓதுகிற அரசுகளுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை. 2014இல் சீன அதிபர் ஷி ஜின்பிங் கொழும்பு வந்தபோது மூன்றாவது அலகோடு 900 மெகாவாற் பூர்த்தியாயிற்று.

அதே 2011இல் கடலின் எதிர்க்கரையில், கூடங்குளம் அணு உலைக்கு எதிராக, இடிந்தகரை எழுந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், கூடங்குளமும் கற்பிட்டியும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. நடுவே இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் கடல், ஒரு மலை இல்லை, ஒரு மரம் இல்லை. லூர்து மாதா கோயில் முற்றத்தில் பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நவம்பரில் அப்துல் கலாம் அணு உலைக்கு வந்தார், சுற்றிப் பார்த்தார், பூரண பாதுகாப்பு என்றார், 200 கோடி ரூபாவில் பத்து அம்சத் திட்டமும் சொன்னார். போராடியவர்களைச் சந்திக்கவில்லை. இராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் அவர். இந்தக் கரையின் முஸ்லிம் வீடுகளில் அவர் படம் தொங்குகிறது, பிள்ளைகளுக்கு அவரைக் காட்டித்தான் படிக்கச் சொல்கிறோம். படகுக்காரர்களின் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு இறங்கி நடக்கப் பத்து நிமிடம் இல்லாமற் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது? 2012 செப்டம்பர் 10இல் பொலிஸ் அடித்தது. கண்ணீர்ப்புகைக்குத் தப்பச் சனம் கடலுக்குள் ஓடியது. ஆயிரக்கணக்கான பேர் மீது தேசத்துரோக வழக்கு. மீன் பிடிக்கிறவன், கருவாடு காயப்போடுகிறவள் எல்லோரும் இராஜதுரோகிகள்.

இலங்கை அரசுக்கு அந்த ஆண்டு திடீரென்று சுற்றாடல் பாசம் பொங்கியது. அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளம் பற்றிக் கவலை தெரிவித்தார், வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் எழுப்பப்போவதாகச் சொன்னார். நியாயமான கவலை, நான் மறுக்கவில்லை. ஆனால் நுரைச்சோலைப் புகைபோக்கி அதே அமைச்சரின் மின்சார சபைக்குச் சொந்தமாயிருந்தது. 225 கிலோமீற்றருக்கு அப்பால் ஒருநாள் வரக்கூடிய துகளுக்காக வியன்னா வரை கேட்கக் கத்தியவர்களுக்கு, காலடியில் தினமும் விழுகிற துகள் தெரியவில்லை. 2015 பெப்ரவரியில் அதே இலங்கை டெல்லிக்குப் போய் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தது. கவலை தீர்ந்தது.

அந்தத் துகளைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதாத ஒரு பந்தி. நிலக்கரியில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே சிறிதளவு உண்டு. உலகச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ யுரேனியம் என்பார்கள். லக்விஜய ஆண்டுக்கு 20 இலட்சம் டன்னுக்கு மேல் எரிக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: குறைந்தது இரண்டு டன் யுரேனியம், ஒவ்வொரு வருடமும், கப்பலில் வந்து இறங்குகிறது. 1978இலேயே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள், ஒழுங்காக இயங்கும் அணு உலையைவிட நிலக்கரி நிலையத்தின் புகைபோக்கி சுற்றுவட்டத்துக்குக் கதிரியக்கத்தைக் கூடுதலாகவே விடலாம் என்று கணக்குக் காட்டினார்கள். அளவு சின்னது, பயப்பட ஒன்றுமில்லை என்று நிபுணர் சொல்வார். உண்மைதான், கதிர்வீச்சு சின்னது. பெரும்பகுதி புகைபோக்கியால் போவதுமில்லை, சாம்பலில் தங்குகிறது. அந்தச் சாம்பலோடு ஆர்சனிக்கும் ஈயமும் பாதரசமும் நுரையீரலுக்குள் குடிபுகும் நுண்தூசியும் சேர்ந்து வருகின்றன என்பதை அவர் அடுத்த வாக்கியத்தில் சொல்லமாட்டார். அடுத்த வாக்கியத்துக்குள் அவர் வாகனம் பாலாவியைத் தாண்டிவிடும்.

கச்சான் தொடங்கியதும் தென்மேற்கிலிருந்து காற்று எழும்பும். கரையோரத் தோட்டமொன்றில் பீற்றூட் இலையைப் பெருவிரலால் ஒருதரம் தேய்த்துப் பாருங்கள். பொலிஸ் நிலையத்தில் கைரேகை வைத்த மாதிரி விரல் கறுத்துப்போகும். கொடியில் காயும் வெள்ளைச் சாரத்தை உதறித்தான் மடிக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

“சேர், இது கரித்தூள்தானே?”

“தூசி நானா. ரோட்டுத் தூசியாவும் இருக்கலாம்.”

“றோட்டு கிழக்கால இருக்கு சேர். காத்து மேற்கால வருது.”

“எப்படியும் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கும்.”

“அளந்தீங்களா?”

“அளக்கோணும் எண்டு மேல எழுதிப் போட்டிருக்கு.”

ஸ்ட்ரோஸ் பவளச் சுண்ணாம்பு என்றார். இவர் ரோட்டுத் தூசி என்கிறார். ஸ்ட்ரோஸுக்காவது சொந்தமாக ஒரு பொய் இருந்தது.

கொழும்பு எங்களை மறக்கவில்லை என்பதையும் நிரலில் சேர்க்க வேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். தலைநகரின் குப்பைக்குப் புது வீடு தேடினார்கள். சீமெந்துக்குச் சுண்ணக்கல் தோண்டிய அருவக்காட்டுக் குழி, வில்பத்துக்குப் பக்கத்தில், புத்தளம் மாவட்டம். மாதக்கணக்காகச் சனம் தெருவில் இருந்தது. 2019இல் குப்பை வந்தே தீர்ந்தது. வந்து சில மாதத்துக்குள் வாயு தேங்கி வெடிக்கவும் செய்தது. எதிர்த்த ஊர் முஸ்லிம் ஊர் என்பதால் எதிர்ப்புக்கு வேறு அர்த்தம் கற்பித்தவர்களும் உண்டு. மூக்குக்குச் சாதி மதம் இருப்பதாக அன்றுதான் அறிந்தேன்.

2022 ஏப்ரல். எரிபொருள் இல்லை, காஸ் இல்லை, சில நாட்களுக்கு முன்புதான் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, அமைச்சரவை கூண்டோடு இராஜினாமா. அந்த மாதத்தில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு ஒன்று, அணுமின் நிலையம் அமைக்க இலங்கை எவ்வளவு தயார் என்று மதிப்பிட இங்கே வந்திருந்தது. மெழுகுவர்த்தி வாங்கக் காசில்லாத நாட்டில் உலைக்கு ஆயத்தம் பார்த்தார்கள். குழு ஏதோ எழுதிக்கொண்டு போனது, நாடு வரிசையில் நின்றது.

பின்னர் 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொட்டுவிட்டது என்றார் மின்சக்தி அமைச்சர். அந்த அதிர்ச்சியில் லக்விஜயவின் மூன்று இயந்திரங்களும் நின்றன. திருப்பி ஓடவைக்க நாள் பிடித்தது, இடையில் ஒன்றரை மணிநேர மின்வெட்டுகள். குரங்கின் தரப்பு வாதம் கேட்கப்படவில்லை. ஒரு குரங்கு தொட்டால் தீவு முழுக்க இருளும் இந்தக் கம்பி வலையில் அணு உலையைக் கொழுவும் திட்டம் இன்னும் கோப்பில் உயிரோடுதான் இருக்கிறது.

உலைக்கு இடம் தேடும் கனவான்கள் அலைய வேண்டாம், வழி சொல்கிறேன். கொழும்பிலிருந்து வடக்கே வாருங்கள், சிலாபம், முந்தல் தாண்டி, புத்தளத்துக்குச் சற்று முன்பு பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்புங்கள். குளிரவைக்கத் தண்ணீர் ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு. உயர் அழுத்த மின்கம்பி ஏற்கெனவே இழுத்தாயிற்று. கடலுக்குள் ஜெட்டி கட்டியாயிற்று. ஆமி, நேவி, பொலிஸ் எல்லாம் கிட்டவே. சனத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்: ஏற்கெனவே ஒருதரம் எழுப்பப்பட்டவர்கள், துரத்தப்பட்டு வந்தவர்கள், குப்பையும் சாம்பலும் பார்த்தவர்கள். ஆலோசனைக் கூட்டம் கட்டாயம் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு வையுங்கள், அல்லது தலவிலத் திருவிழாவன்று. வருகிற நாலு பேரும் கேட்கப்போகிற கேள்வி முன்பு கேட்டதுதான், அளந்தீங்களா என்று. பதிலும் உங்களிடம் தயாராக இருக்கிறது.